முன் ஆக்சிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, அம்பத்தூர், சென்னை
பொருள்: 4 இஞ்ச் உயர்த்திய ஜீப்புக்கு வாங்கிய முன் ஆக்சில் பற்றிய புகார்

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று புகார் எண் வாங்கிவிட்டேன். மூன்றையும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம், ஸ்பீடு போஸ்டில்.

போன சனிக்கிழமை ஆக்சிலோடு வரச் சொன்னது உங்கள் ஆள்தான். குட்டியானைக்கு 6,500 ரூபாய் வாடகை பேசி, ஆக்சிலின் இரும்புக் கூடான ஹவுசிங்கை நாலு பேர் தூக்கி ஏற்றி, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அம்பத்தூர் வந்தால் கேட் பூட்டியிருக்கிறது. ஸ்டாக் எடுக்கிற நாளாம். வாட்ச்மேன் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வரச் சொன்னவருக்குப் போன் செய்தால், “திங்கக்கிழமை வாங்க” என்று வைத்துவிட்டார். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல். அந்த இரும்பை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினோம்.

தை மாதம் 85,000 ரூபாய் கட்டி வாங்கினேன். 4 இஞ்ச் தூக்கிய வண்டிக்கு அப்படியே உட்காரும், வேறெதையும் தொட வேண்டாம் என்றுதான் விற்றீர்கள். ஸ்பிரிங் பட்டை உட்காரும் பேடை எந்தச் சாய்வில் வெல்டு வைத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனை மேலே பார்க்கிறது, இன்ஜின் விசையைக் கொண்டுவரும் அந்த ஷாஃப்ட்டும் நேராக வருகிறது, சரி. ஆனால் சக்கரம் திரும்புகிற நக்கிள் முனைகளைப் பழைய கோணத்திலேயே விட்டிருக்கிறீர்கள். இரண்டும் இருப்பது ஒரே ஹவுசிங்கில்தானே! பினியனைத் தூக்கினால் நக்கிளின் மேல்பக்கம் முன்னால் சாயும், ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் பின்சாய்வு, அதாவது காஸ்டர், போய்விடும். பள்ளிகொண்டா பக்கம் பெங்களூர் ரோட்டில் 60-இல் போனாலே ஸ்டியரிங் நிற்காமல் அலைந்தது. திருப்பிவிட்டால் தானாக நேராக வரவில்லை.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஆள், “ஆறு டிகிரி ஆப்பு போடுங்க” என்றார். பட்டைக்கும் பேடுக்கும் நடுவில் போட்டோம். ஸ்டியரிங் சரியானது, பினியன் கீழே இறங்கிவிட்டது. காட்பாடி லேத் பட்டறை அண்ணன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் பினியன் பக்கத்து ஜாயின்ட்டைப் பிடிக்கும் யோக் முட்டி நின்றது, ஷாஃப்ட் சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் உரசியது. தரையில் நிற்கும்போது பார்த்தால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிற மாதிரிதான் தெரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதுதானே கணக்கு! அந்த அண்ணன் முப்பது வருஷமாக ஜீப் வேலை பார்க்கிறவர். அவரைத்தான் உங்கள் ஆள், “உங்க ஊர் மெக்கானிக்குக்கு அளக்கத் தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?” என்று ஸ்பீக்கரில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

அண்ணன் பார்ப்பதற்கு முன்பே, பீஞ்சமந்தையிலிருந்து புளி ஏற்றி இறங்கும்போது, ஒரு வளைவில் இடது சக்கரம் பள்ளத்தில் தொங்கியதும் ஷாஃப்ட்டை இணைக்கும் ஜாயின்ட் கிராஸ் உடைந்தது. ஷாஃப்ட் கழன்று தரையில் அடித்தது. உள்ளே மூன்று பேர் இருந்தோம். இதைச் சொன்னதற்கும் உங்கள் ஆள் சொன்ன பதில்: “தூக்கின வண்டின்னா அப்படித்தான், முன் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டு ஓட்டுங்க.” கழட்டிப் போட்டு ஓட்டுவதற்கா 85,000 ரூபாய் கொடுத்து முன் ஆக்சில் வாங்கினேன்? இப்போது கேட்டால், உயர்த்திய வண்டிக்கு வாரன்டி இல்லை என்கிறார்கள். நீங்கள் விற்றதே உயர்த்திய வண்டிக்குத்தானே?

மாசி, பங்குனி போய்விட்டது. இந்த வருஷப் புளி வியாபாரம் முழுவதும் போச்சு. இரண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம். மலையில் என்னை நம்பி மூட்டை கட்டி வைத்தவர்கள் முன்னால் தலை நிமிர முடியவில்லை.

உங்கள் பொருளின் இரும்பும் கியரும் நல்லவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தயவுசெய்து கேட்கிறேன். நக்கிள் முனைகளை வெட்டித் திருப்பிச் சரியான கோணத்தில் வெல்டு வைத்துக் கொடுங்கள், பினியனை இறக்காமலே காஸ்டர் கிடைக்கும். உங்கள் செலவில் வண்டி அனுப்பி எடுத்துப் போங்கள். பூட்டி முடித்ததும், தொங்கவிட்டும் முழு பாரம் ஏற்றியும் ஷாஃப்ட்டை அளந்து பார்க்க ஒரு ஆள் இங்கே வர வேண்டும். அதே ஆளை அனுப்ப வேண்டாம். வேலை பார்க்க முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வாடகை 6,500-ஐயும் சேர்த்து.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் அம்பத்தூருக்கு இன்னொரு முறை வர மாட்டேன், நீங்கள்தான் வேலூருக்கு வர வேண்டியிருக்கும். உடைந்த ஜாயின்ட் கிராஸையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த அண்ணனிடம் உங்கள் ஆள் போனிலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்