எங்கள் கணக்கைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தாராவியில் எங்கள் கடலை மிட்டாய்ப் பட்டறை தொடங்கி அறுபது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்துக்கு வந்த அத்தனை பேருக்கும், வர இயலாமல் வாழ்த்துச் சொல்லியனுப்பியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேடையில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சுவரில் மாட்டியிருந்த படங்களையும் ரசீதுகளையும் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் எப்படி இத்தனை பத்திரமாக வைத்திருந்தீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததல்ல. எங்களிடம் இருந்ததையெல்லாம் 2005 ஜூலை 26 கொண்டுபோய்விட்டது. மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. பட்டறைக்குள் மார்பளவு தண்ணீர். 1964 முதல் தாத்தா எழுதிவந்த கணக்கு நோட்டுகள், அவரும் ஆச்சியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் எல்லாம் போயின. வெல்ல மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் வெறும் சாக்குகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், மூலையில் ஒதுங்கிக் கிடந்த பச்சைக் கடலை முளைவிட்டிருந்தது. அதில் ஒரு கைப்பிடி அள்ளி அப்பா பார்த்துக்கொண்டே நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

அதனால்தான் அறுபதாம் ஆண்டுக்கு எங்கள் வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோது, கையில் ஒரு தாள்கூட இல்லை. உங்களிடம் வந்து கேட்டோம்.

முதல் நன்றி நவி மும்பையின் வாசி சந்தையில் வெல்ல வியாபாரம் செய்யும் காகாவுக்கு (மராத்தியில் சித்தப்பா). மஸ்ஜித் பந்தரில் கடை வைத்திருந்த காலத்தில் அவருடைய தந்தைதான் தாத்தாவுக்குக் கோலாப்பூர் வெல்லம் கொடுத்தவர். சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பேரேடுகளைப் பரணிலிருந்து இறக்கி, ஒரு மதியம் முழுவதும் எனக்காகப் புரட்டினார். முதல் கொள்முதல் அரை மூட்டை. மராத்தி எழுத்துகளுக்குக் கீழே தமிழில் தாத்தாவின் கையெழுத்து. 'பி'யின் சுழியை அவர் நீட்டி இழுக்கும் அதே இழுப்பு. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொரு பேரேட்டில் 2005 ஆகஸ்ட் மாதப் பக்கம். எட்டு மூட்டை என்று எழுதியிருந்தது. தொகைக்கான கட்டத்தில் எதுவும் இல்லை. விசாரித்தேன். "அதை எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்" என்றார் காகா. மழைக்குப் பிறகு எங்கள் அடுப்பு எந்த வெல்லத்தில் மறுபடி எரிந்தது என்பது பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. இந்த மடலின் பெரும்பகுதி அவருக்குத்தான்.

அடுத்தது, முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்களிடம் பாகு காய்ச்சிய அண்ணாச்சி. முழங்கால் வலியோடு மூன்று மாலைப்பொழுதுகள் எங்களுக்காக உட்கார்ந்து பேசினார். பகலில் தோல் பதனிடும் வேலைக்குப் போய்வந்த தாத்தா, இரவில் ஆச்சியோடு அடுப்பு மூட்டியதை அவர் வழியாகத்தான் முழுமையாக அறிந்தோம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கைப்பழக்கமாகக் கொண்டுவந்த பதம் இங்கத்திய வெல்லத்துக்கு ஒத்துவரவில்லையாம். முதல் மழைக்காலத்தில் போட்டதெல்லாம் மறுநாளே நமுத்துக் கையில் ஒட்டியிருக்கிறது. கடைசியில் வழி கண்டவர் ஆச்சி. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். ஆடி மழையில் அதற்கும் ஒரு கொதி கூடுதலாக விட வேண்டும். அந்த ஒரு கொதி எவ்வளவு என்று கடிகாரம் வைத்துச் சொல்ல முடியாது. நுரையின் நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அதை என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சயானில் இருக்கும் அத்தை சொன்ன செய்தியையும் இங்கே குறித்து வைக்கிறேன். விலே பார்லே வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் தாத்தா பேச்சை நிறுத்திவிட்டு வாசற்பக்கம் போய் நிற்பாராம். அங்கே 1929இல் மோகன்லால் தயாள் சவுகானின் குடும்பம் மிட்டாய் செய்யத் தொடங்கியது. பிஸ்கட் வந்தது 1939இல்தான். பிற்பாடு உலகறிந்த பார்லே அது. "அவர்களும் மிட்டாயில் தொடங்கியவர்கள்தான்" என்று ஆச்சியிடம் சொல்வாராம். 2016இல் அந்த ஆலை மூடப்பட்டபோது தாத்தா இல்லை. வண்டி அந்த நிலையத்தைத் தாண்டும்போது பிஸ்கட் வாசம் தேடுவது எங்கள் வீட்டில் இன்னும் பலருக்குப் பழக்கம்.

சட்டம் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் நன்றி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் உறையில் அந்த ஊர்ப்பெயரை இனிப் போடக் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னவர் அவர். எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயர் அந்த மண்ணில் காய்ச்சுபவர்களுக்கு உரியது. அன்றே எடுத்துவிட்டோம்.

கடலையைத் தோல் நீக்கிப் புடைத்து, மிட்டாயை எண்ணி உறையிலிட்ட அக்காமார்கள், எந்த ஆண்டு எந்த அளவில் வில்லை போட்டோம் என்பதை விரலால் அளந்தே காட்டினார்கள். எழுத்தில் எங்கும் இல்லாத கணக்கு அது. ஆச்சி இருக்கும் படம் கிடைத்ததும் அவர்களில் ஒருவரின் கல்யாண ஆல்பத்திலிருந்துதான். பந்தியின் ஓரத்தில், தட்டு நிறைய மிட்டாயோடு நிற்கிறார்.

வாங்கிவந்த படங்களையும் பேரேடுகளையும் நகல் எடுத்தாயிற்று. வரும் வாரத்துக்குள் நாங்களே வீடு தேடி வந்து ஒப்படைக்கிறோம். 1964இல் தாத்தா வைத்து விற்ற கண்ணாடி ஜாடியோ அதன் மூடியோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பட்டறையில் காலை ஆறு மணிக்குக் கடலை வறுக்கத் தொடங்குகிறோம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
மிட்டாய்ப் பட்டறைக் குடும்பத்தின் மூத்த பேத்தி,
தாராவி, மும்பை