அந்த வயர் ஒருவழிப் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் சிறு அச்சகம், கடை, சங்க அலுவலகம் என்று பல இடங்களில் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துக் கணனிகளை இன்னும் காணலாம். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த திருவிழா நோட்டீசும் கலியாணக் கார்டும் பழைய டொஸ் பில் புரோகிராமும் அவற்றுக்குள்தான் கிடக்கின்றன. கணனி ஓடிக்கொண்டிருக்க, பிரிண்டர் முதலில் போய்விடுகிறது. புதியதை வாங்கி வந்து பார்த்தால் பிரிண்டரில் சதுர யூ.எஸ்.பி. வாய் மட்டும் இருக்கிறது. கணனியின் முதுகிலோ 25 துளை உள்ள பரலல் போர்ட், அதாவது பழைய பிரிண்டர் வாய். அவசரத்தில் பலர் வாங்குவது “யூ.எஸ்.பி. டு பரலல்” என்று உறையில் எழுதியிருக்கும் வயரை. அது இந்த வேலைக்கு உதவாது. விற்பவரும் வாங்குபவரும் இதைத் தெரிந்திருந்தால் நிறையக் காசு மிஞ்சும்.

அந்த வயரின் ஒரு முனையில் தட்டையான யூ.எஸ்.பி. தலை, மறு முனையில் 36 தொடுமுனை உள்ள அகலமான தலை. அகலமான தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. யூ.எஸ்.பி.யில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் கணனிதான். பிரிண்டர் கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். வயரில் உள்ள சிப்பும் பிரிண்டரைப் போலக் காத்திருக்கும் சாதியே. ஆகவே புதிய கணனியின் யூ.எஸ்.பி.யில் பழைய பரலல் பிரிண்டரைப் பொருத்த அது நன்றாக வேலை செய்யும். திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் காத்திருக்கும்: அழைப்பு வரட்டும் என்று இரண்டு சம்பந்தி வீட்டாரும் வாசலில் நிற்பது போல. 36ஐ 25 ஆக்கும் இணைப்பு, ஆணைப் பெண்ணாக்கும் இணைப்பு என்று இடையில் எத்தனை சேர்த்தாலும் தலை பொருந்துமே தவிர ஒரு வரிகூட அச்சாகாது.

பழைய கணனிக்குப் புதிய பிரிண்டர் வேண்டுமென்றால் முதலில் கணனியின் பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். பென்டியம் 2, 3 காலத்துப் பெட்டிகள் பலவற்றில் விசைப்பலகை செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு யூ.எஸ்.பி. வாய்கள் தூசி மூடிக் கிடக்கும். அவை பழைய 1.1 வகை, விநாடிக்கு 12 மெகாபிட் வேகம்தான். கடிதம் அடிக்க அது போதும். படம் என்றால் பொறுமை வேண்டும். அப்படி இல்லையென்றால் பெட்டியைத் திறந்து மதர்போர்டில் வெள்ளை நிற பி.சி.ஐ. ஸ்லொட் (மேலதிக கார்ட் செருகும் நீண்ட துளை) காலியாக உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் பி.சி.ஐ. யூ.எஸ்.பி. 2.0 கார்ட் ஒன்று போதும். தங்க நிறப் பல் வரிசையில் இரண்டு வெட்டுகள் உள்ள கார்டாக வாங்குங்கள். அது 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டு ஸ்லொட்டுக்கும் ஏற்கும். இப்போது அதிகம் விற்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்ட் இந்த ஸ்லொட்டில் ஏறாது. எக்ஸ்பி சர்வீஸ் பெக் 1 முதல் 2.0 டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பென்றால் கார்டோடு வரும் சீடியில் அதற்கான டிரைவர் இருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். விண்டோஸ் என்.டி. 4 என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள், அது யூ.எஸ்.பி.யை அறியாது.

வாய் பொருந்தினாலும் மொழி பொருந்த வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மலிவான லேசர்களும் இங்க் டாங்க் பிரிண்டர்களும் பெரும்பாலும் தாமாக எழுத்தை அறியாதவை. பக்கத்தைப் புள்ளிகளாக்கிக் கொடுப்பது கணனியில் உள்ள டிரைவர். பெட்டியில் “விண்டோஸ் 7 முதல்” என்று போட்டிருந்தால் எக்ஸ்பிக்கு அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. பிரிண்டர் தானே அறியும் மொழியாக பி.சி.எல். 5 அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று விபரத்தில் எழுதியுள்ள பிரிண்டரை வாங்கினால் விண்டோஸோடு வரும் ஹெச்.பி. லேசர்ஜெட் 4 போன்ற பழைய டிரைவரைக் கொண்டே பெரும்பாலும் அடிக்கலாம்.

நெட்வேர்க் வாய் உள்ள பிரிண்டர் எக்ஸ்பிக்கு இன்னும் இலகு. பிரிண்டருக்கு மாறாத ஐ.பி. எண் (நெட்வேர்க் முகவரி) ஒன்றைக் கொடுத்து, எக்ஸ்பியில் ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட் உருவாக்கி, போர்ட் இலக்கத்தை 9100 என்று விட்டால் போர்ட் பொருந்தாத பிரச்சினையே எழாது. டிரைவர் மட்டும் வேண்டும். நடுவில் ஒரு விண்டோஸ் 10 கணனியை வைத்துப் பகிர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எக்ஸ்பி பேசும் பழைய எஸ்.எம்.பி. 1 என்ற பகிர்வு முறை 2017 இறுதியிலிருந்து வந்த பதிப்புகளில் இயல்பாக இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவருவது பாதுகாப்பில்லை. அந்த விண்டோஸ் 10 கணனியின் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் எல்.பி.டி. (LPD) பிரிண்ட் சர்வீஸை இயக்கி, எக்ஸ்பி பக்கம் அதே வகை டி.சி.பி./ஐ.பி. போர்ட்டில் அந்தக் கணனியின் ஐ.பி. எண்ணைப் போட்டு எல்.பி.ஆர். (LPR) என்று தெரிவுசெய்து பிரிண்டரின் பகிர்வுப் பெயரைக் கொடுத்தால் போதும்.

டொஸ் பில் புரோகிராமுக்கு இத்தனை சுற்று வேண்டாம். எப்சன் எல்.எக்ஸ். 310, எல்.கியூ. 310 போன்ற டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்களில் யூ.எஸ்.பி.யோடு பழைய 36 தொடுமுனைப் பரலல் வாயும் இருக்கிறது. ஒரு சாதாரண 25க்கு 36 கேபிளைச் செருகினால் புரோகிராமில் ஒன்றையும் மாற்றாமல் பில் வரும்.

பரலல் கேபிளை மின்சாரம் இருக்கும்போது செருகவோ கழற்றவோ கூடாது. கணனியும் பிரிண்டரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் இரண்டின் எர்த் மட்டத்தில் உள்ள வித்தியாசமே போர்ட் சிப்பை எரித்துவிடக்கூடும். இரண்டையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள்.

கடைசியாக, நமது ஊருக்கே உரிய வில்லங்கம் ஒன்று. உவர்மலையிலும் கடற்கரை ஓரத்திலும் உப்புக் காற்று ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். பரலல் கேபிளில் 2ஆம் ஊசியிலிருந்து 9ஆம் ஊசி வரை எட்டும் ஓர் எழுத்தின் எட்டுத் துண்டுகள். 2ஆம் ஊசி தொடவில்லை என்றால் பெரும்பாலும் ஆங்கில B எழுத்து C ஆகவும் D எழுத்து E ஆகவும் அச்சாகும். A, C இரண்டும் சரியாகவே வரும். இப்படி ஒழுங்கான பிழை கண்டால் வைரஸ் என்று கணனியை அழித்து எழுத வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பழைய பல்துலக்கியால் இரு தலைகளையும் தேய்த்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது படலமாகத் தங்கித் தூசியை இழுக்கும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வயரை எடுத்துக் கொடுக்குமுன் கணனியின் பின்பக்கப் படம் ஒன்றைத் தொலைபேசியில் காட்டச் சொல்லுங்கள். யூ.எஸ்.பி. முனை கணனிக்கு, அகலமான முனை பிரிண்டருக்கு என்று உறையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி ஒட்டிவிடுங்கள்.

கணனி திருத்துநர்,
திருகோணமலை.