முதல் ரைபிள் வாங்குவதற்கு முன்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய மூன்று ஏர் ரைபிள் படங்களையும் அப்பா டிவியில் போட்டுப் பெரிதாகக் காட்டினார். ராத்திரி பத்தரை வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். புனே பாலேவாடியில் துப்பாக்கி சுடப் பழகுகிற ரேஞ்சில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. காலேஜில் என்.சி.சி. பாயின்ட் டூ டூ ரைபிளைப் பிடித்து, குப்புறப் படுத்து, 25 மீட்டரில் அட்டையைச் சுட்ட பெண்தான் உன் அம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் அதைத் தொடவே இல்லை. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி கண்ணு.

முதலில் அந்த ஸ்கோப் வைத்த கறுப்பு ரைபிள். அது வேண்டாம். நொடிக்கு ஆயிரம் அடி வேகம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நீயே வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் சுடுகிறவர்களின் ரைபிள் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், ஏறக்குறைய 560 அடி. அதன் சக்தி 7.5 ஜூல் அளவுதான். பத்து மீட்டரில் ஒரு அட்டையைத் துளைக்க அது தாராளம். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியும் கிடையாது, சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கிற பீப் சைட் மட்டும்தான்.

நீ அடிக்க வேண்டிய பத்து என்கிற புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டின் அகலம் 4.5 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன்னால் அபினவ் பிந்த்ராவும் ஒரு பின்லாந்துக்காரரும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், மற்றவர் 9.7. ஒருவருக்குத் தங்கம், இன்னொருவருக்கு வெண்கலம். உடம்பு அசையாமல் நிற்பதும் விரல் பதறாமல் அழுத்துவதும்தான் அங்கே கணக்கு. வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. வேகமான ரைபிள் உன் தப்பைச் சரி செய்து கொடுக்காது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏர் ரைபிளில் உள் அகலம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பேரல், இல்லையென்றால் 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தி, இரண்டில் ஒன்று இருந்தாலே லைசென்ஸ் வேண்டும். உன் மூன்றாவது படத்தில் இருப்பது 5.5 பேரல். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதே. எதை வாங்கினாலும் அடையாள அட்டை கொடுத்து, பில் போட்டு வாங்கு.

அடுத்தது அதே மூன்றாவது படத்தில் இருக்கிற, மரக் கட்டை போட்ட ஸ்பிரிங் ரைபிள். பேரலை மடக்கி, குண்டு வைத்து, மூடிச் சுடுவது. விலை குறைவு, பார்க்கவும் அழகு. அப்புச்சி தோட்டத்தில் இதே மாதிரி ஒன்று இருந்தது. சோளக்கதிரில் உட்காருகிற கிளிகளை விரட்ட வாங்கியது. உன் மாமாவின் வலது கட்டைவிரல் நகம் கோணலாக இருக்கிறதே, ஏன் என்று நீ கேட்டதே இல்லை. அவருக்கு அப்போது பதினாலு வயது. திண்ணையில் உட்கார்ந்து பேரலை மடக்கிவிட்டு, கட்டைவிரலால் குண்டை அழுத்திக்கொண்டிருந்தார். ரைபிள் தொடையில் நழுவியது. பிடிக்கப் போன இன்னொரு கையின் விரல் டிரிக்கரில் பட்டது. பேரல் படாரென்று வந்து மூடிக்கொண்டது. நகம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. அம்மிச்சி மஞ்சளை அள்ளி அப்பி, புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யார் கையில் ஸ்பிரிங் ரைபிளைப் பார்த்தாலும், குண்டு வைத்து மூடுகிற வரைக்கும் ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அதே துப்பாக்கியால் நானும் ஒரே ஒரு தடவை ஒரு தவிட்டுக்குருவியைச் சுட்டேன். எடுத்தபோது கையில் இன்னும் சூடு இருந்தது. அப்புச்சி என்னைத் திட்டவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை. 1972லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அது எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ அட்டையை மட்டும்தான் சுடுவாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்பிரிங் ரைபிள் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நீ இருப்பது மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட். அங்கே குண்டு போட்டுச் சுட முடியாது, சுடவும் கூடாது. ரேஞ்சுக்குப் போக முடிவது வாரத்தில் ரெண்டு நாள். மீதி நாட்களில் வளர வேண்டுமென்றால் குண்டு இல்லாமல் பழகணும். சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, நின்று, மூச்சை அடக்கி, டிரிக்கரை அழுத்தி, அழுத்திய பிறகும் ரெண்டு நொடி கண்ணை எடுக்காமல் இருக்கணும். எங்கள் என்.சி.சி. ஹவில்தார் இதை மணிக்கணக்கில் செய்ய வைப்பார். தோள்பட்டை விட்டுப்போகும். ஆனால் கேம்ப் முடிகிறபோது எங்கள் அட்டைகளில் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருந்தன. ஸ்பிரிங் ரைபிளில் இந்தப் பழக்கமே முடியாது. குண்டு இல்லாமல் தட்டினால் பிஸ்டன் போய் மோதி உள்ளே கெட்டுவிடும். போட்டிக்கென்று செய்த காற்றடைத்த ரைபிள்களில் காற்றை விடாமல் டிரிக்கர் மட்டும் வேலை செய்கிற வசதி இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேள்.

சரி, அப்படியானால் உன் இரண்டாவது படம். யாரோ பயன்படுத்திய ஜெர்மன் ரைபிள், சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைப்பது. இது நல்ல வழிதான். புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் போகும், பழையது உன் சம்பளத்துக்குள் அடங்கும். பேரல் சீக்கிரம் தேயாது, அதனால் பழையது என்று பயப்பட வேண்டியதில்லை. சிலிண்டரை மட்டும் திருப்பித் திருப்பிப் பார். அதன் மேலேயே தேதி பொறித்திருக்கும். பத்து வருஷம் தாண்டியதை உபயோகிக்கக் கூடாது என்று செய்தவர்களே சொல்கிறார்கள். போட்டியில் தேதி முடிந்த சிலிண்டரோடு வந்தால் பொறுப்பு உன்னுடையது. நம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டான். புதுச் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்கிற வரைக்கும் ரைபிள் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. படத்தில் தேதி தெரியவில்லை. விற்கிறவரிடம் அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்.

தேதி சரியாக இருந்தாலும் உடனே பணம் கொடுத்துவிடாதே. அதைக் கையில் எடுத்துப் பார்க்கணும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வை. கன்னம் எங்கே சௌகரியமாகப் படிகிறதோ அங்கே படிய விடு. அப்புறம் கண்ணைத் திற. பீப் சைட்டின் ஓட்டை நேராகக் கண்ணுக்கு முன்னால் இருந்தால் அது உனக்கானது. கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ தேட வேண்டியிருந்தால் கன்னக்கட்டையையும் பின்கட்டையையும் நகர்த்திப் பார். எவ்வளவு நகர்த்தியும் வரவில்லையென்றால் விட்டுவிடு. எடையையும் கவனி. போட்டியில் 5.5 கிலோ வரைக்கும் அனுமதி உண்டு, அதற்காக அந்த எடைக்கே வாங்க வேண்டும் என்று இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பார், எது உனக்குத் தாங்கும் என்று முதுகே சொல்லும்.

ஆறு மாதம் கிளப் ரைபிளிலேயே சுடு, இப்போது கையில் இருக்கிற பணத்தில் சுடும்போது போடுகிற ஜாக்கெட்டும் ஷூவும் மட்டும் உன் அளவுக்கு வாங்கிக்கொள் என்றுதான் நான் சொல்வேன். கிளப்பில் ரைபிள் இரவல் கிடைக்கும். இன்னொருவர் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட் உனக்கு உதவாது. அப்பா வேறு மாதிரி நினைக்கிறார், ஆசைப்பட்டபோதே வாங்கட்டும் என்கிறார். முடிவு உன்னுடையது. எதைச் சுட்டாலும் ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதே.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். பொருட்காட்சியில் வாங்கித் தந்த கலைடாஸ்கோப்பை நீ எப்போதும் இடது கண்ணில்தான் வைத்துப் பார்ப்பாய். நான் வலது பக்கம் மாற்றி வைத்தாலும் திரும்ப இடது கண்ணுக்கே கொண்டுபோவாய். அப்பாவின் பழைய கேமராவிலும் அப்படித்தான். நீ அனுப்பிய ரேஞ்ச் போட்டோவில் வலது தோளில் வைத்துச் சுடுகிறாய், தலை மட்டும் ரைபிளுக்கு மேலே வளைந்து கிடக்கிறது. உன் இடது கண்தான் ஓங்கிய கண்ணோ, அதாவது குறி பார்க்கும்போது தானாக முந்திக்கொள்கிற கண்ணோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி இருந்தால் இடது தோளுக்கு மாறுவதா, இடது கண்ணுக்கு மறைப்பு வைத்து இப்படியே தொடர்வதா என்று கோச் பார்த்து முடிவு சொல்லணும். மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் இப்போது மாறுவது சுலபம். இடது கைக்காரர்களுக்கான ஸ்டாக், அதாவது தோளில் வைக்கிற கட்டை, வேறு. வலது கை ஸ்டாக்கை வாங்கிவிட்டு அப்புறம் மாறுவது வீண் செலவு.

கடிதம் கையில் கிடைத்ததும் இதைச் செய். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை வருகிற மாதிரி சேர்த்துக்கொள். அதன் வழியாக ஹாலில் இருக்கிற கடிகாரத்தைப் பார். ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். கடிகாரம் மறையாமல் கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டு வா. ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறது என்று ராத்திரி போனில் சொல். அதற்குள் அந்த ஜெர்மன் ரைபிளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா