வலிப்பு மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தங்கை பதினோரு வருடமாக வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறாள். தினமும் இரவில் 60 மி.கி. மாத்திரை ஒன்று. சென்ற மாதம் வழக்கமான மருந்துக் கடையில், "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல். ஓடி வந்தவர்கள் அவள் கையில் சாவியைத் திணித்தார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் உதவி.

1912-இல் ஜெர்மனியில் 'லூமினல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து இது. விலை மலிவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. தூக்கக் கலக்கம் தரும், உண்மைதான். ஆனால் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் வலிப்பு மூர்க்கமாகத் திரும்பும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்படி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரை தீருமுன்பே வரவழைத்து வையுங்கள். வெகுதூரத்திலிருந்து வருபவர்களுக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். சுகாதாரத் துறையை இதைத்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி,
தேனி மாவட்டம்