பித்துக்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், சித்திரக்கதை ஆகியவற்றின் மீதுள்ள பித்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் நகைச்சுவைக் கட்டுரைகள் வேலையற்றவர்கள் வேலையற்றவர்களுக்காக எழுதுபவை என்ற பொருளில் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவற்றைப் படித்து முடித்த பிறகே தலையங்கத்துக்குப் போகிறவன் என்ற முறையில் எனக்கும் சொல்வதற்குச் சில உண்டு.

துப்பறியும் தொடர் ஒன்றை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்ற கணக்கை வீட்டில் வெளியிடுவதில்லை. அதில் ஒரு விசாரணைக் காட்சி. அதிகாரி கேள்வி கேட்கும்போது அவர் தலைக்குப் பின்னாலுள்ள சுவர்க்கடிகாரம் 10.20 காட்டுகிறது, எதிரில் இருப்பவர் ஒரு வரியில் மறுமொழி சொன்னதும் 11.05, அடுத்த கேள்விக்கு 10.30. இத்தகைய காட்சியில் ஒருவர் முகத்தை முழுவதுமாக எடுத்து முடித்து, விளக்குகளை மாற்றி வைத்துவிட்டு, மற்றவர் முகத்தை எடுப்பார்கள். பல முறை எடுத்தவற்றிலிருந்து நல்ல துண்டுகளைப் படத்தொகுப்பாளர் பொறுக்கிக் கோப்பார். கடிகாரமோ படப்பிடிப்பு முழுவதும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவையும் மட்டும் எழுதினால் அது துணுக்கு. நள்ளிரவில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பழைய டைரி ஒன்றில் மணியைக் குறித்துக்கொண்டிருந்த நடுவயது மனிதனையும் உள்ளே கொண்டுவந்தால்தான் அது கட்டுரையாகிறது. கடிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் வாசகர், இரண்டாம் பத்தியில் டைரிக்காரனைப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாம் பத்தியில், தம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் எதையோ நினைத்துச் சற்று அடக்கிச் சிரிப்பார்.

இந்த வகை எழுத்தின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரசிகர்களை மேட்டில் நின்று கேலி செய்வது எளிது. அது இரண்டு பத்திக்கு மேல் தாங்காது. வெறும் புகழ்ச்சியோ மன்றத்துச் சுவரொட்டிக்குப் போதும். தான் விரும்பும் பொருளின் அற்பத்தை நன்கறிந்தும் அதை விட முடியாதவர், அந்த வெட்கத்தையும் மறைக்காமல் எழுதும்போதுதான் எள்ளல் சுடர்விடுகிறது. அவர் தரும் விவரங்களும், பலமுறை பார்த்த கண்ணுக்கே அகப்படுபவை.

அற்பமான பொருள் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறேன். 1940இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், பள்ளிச் சிறுவர்கள் படித்த மலிவு வார இதழ்களைப் பற்றி ‘ஹொரைசன்’ என்ற இலக்கிய இதழில் எழுதினார். கதைகளில் வரும் சிறுவர்கள் அடிபட்டால் எப்படி அலறுகிறார்கள் என்பது வரை கவனித்திருந்தார். அவற்றின் அரசியலையும் கடுமையாக விமர்சித்தார். போகிற போக்கில், ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற பெயரில் 30 ஆண்டுகளாக வரும் கதைகளை வாரந்தோறும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது என்றும் ஊகித்தார். அதே ஆண்டில் அதே இதழில், அந்த ஒரே ஆள் நான்தான் என்று ரிச்சர்ட்ஸ் பதில் எழுதினார். ஆர்வெலின் முடிவுகளை ஏற்காதவரும் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எழுந்து போக மாட்டார். பிரெஞ்சு விமர்சகர் ரொலாண் பார்த் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைத் தொகுப்புகூட, காசு கொடுத்துப் பார்க்கும் மல்யுத்தக் காட்சியில்தான் தொடங்குகிறது.

தங்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அண்மைக்காலமாக இக்கட்டுரைகளின் நீளம் சுருங்கி, நடிகர்களின் படங்கள் பெருகிவருகின்றன. இடம் போதாதபோது எழுத்தாளர் வழிவிலகிச் செல்லும் வாக்கியங்களே முதலில் வெட்டப்படுகின்றன என்று தோன்றுகிறது. எஞ்சுவது எந்தத் தகவல் களஞ்சியத்திலும் கிடைக்கும் செய்தியே. படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், கைபேசியிலேயே அவற்றைப் பார்த்துக்கொள்கிறோம்.

மேற்சொன்ன துப்பறியும் தொடரைப் பற்றி எவரேனும் தங்களுக்குக் கட்டுரை எழுதுவதாக இருந்தால், என் டைரியை அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்; நான்காம் பாகத்துக்கான பக்கங்கள் இன்னும் நிரம்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்