செம்பைச் சுமந்து வந்த வெந்நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலோகத் தாதுக்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, சுரங்கத் தொழிலின் பொருளாதாரத்தை நன்கு விளக்கியது. ஆனால் தாதுப் படிவுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை, "கற்குழம்பு குளிர்ந்தபோது உலோகங்கள் ஓரிடத்தில் தங்கின" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதியில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள குரோமைட் என்னும் குரோமியத் தாதுவுக்கு அது பொருந்தும். செம்புக்கும் தங்கத்துக்கும் பெரும்பாலும் பொருந்தாது.

சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சுமார் 50 கிராம் செம்புதான் இருக்கிறது. வெட்டியெடுக்கத் தகுந்த தாதுவிலோ டன்னுக்கு 5 கிலோ அளவில் இருக்க வேண்டும். இந்த நூறு மடங்குச் செறிவை உண்டாக்குவது பெரும்பாலும் உப்பு மிகுந்த வெந்நீரே. சிலி நாட்டின் சுக்கிகமாட்டா, எல் தெனியெந்தே போன்ற சுரங்கங்களில், ஆழத்திலிருந்து எழுந்த கற்குழம்பிலிருந்து பிரிந்த நீர், குளோரினோடு இணைந்த செம்பைக் கரைசலாகச் சுமந்தபடி பாறையைப் பிளந்து மேலேறியது. வழியில் குளிர்ந்ததும் அச்சுமையைக் குவார்ட்ஸ் இழைகளிலும் பாறையெங்கும் சல்பைடு (கந்தகச் சேர்மம்) மணிகளாக இறக்கிவிட்டது. இன்று உலகில் கிடைக்கும் செம்பில் பாதிக்கும் மேற்பட்டது இத்தகைய படிவுகளிலிருந்தே வருகிறது. இதே போன்றதொரு நிகழ்வு கண்முன்னே நடப்பதை 1979-ஆம் ஆண்டு பசிபிக் கடலடியில் ஆல்வின் நீர்மூழ்கியில் சென்றவர்கள் பார்த்தார்கள். 350 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்துடன் பீறிட்ட நீர், குளிர்ந்த கடல்நீரைத் தொட்டவுடன் சல்பைடுத் துகள்களால் கரும்புகையாக மாறிக்கொண்டிருந்தது.

கட்டுரை அறவே தொடாத இன்னொன்று, பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய அந்த நீரைப் பற்றி இன்று எப்படி அறிகிறோம் என்பது. என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகிய பகுதி இதுதான். குவார்ட்ஸ் படிகம் வளரும்போது அந்நீரின் நுண்துளிகளைத் தனக்குள் சிறைப்படுத்திக்கொள்கிறது. கண்ணாடிபோல் மெலிதாகத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், துளிக்குள் ஒரு குமிழியும், சிலவற்றில் கனசதுர உப்புப் படிகமும் தெரியும். சீவலை மெல்லச் சூடாக்கக் குமிழி சுருங்கி மறைகிறது. துளி சிறைப்பட்ட வேளையில் வெப்பம் குறைந்தது குமிழி மறைந்த அந்த வெப்பநிலை அளவாவது இருந்திருக்க வேண்டும். உறையவைத்துப் பின் பனி எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்த்தால் உப்பின் அளவு தெரிகிறது. குளிர்கையில் திரவம் சுருங்கியதால்தான் குமிழி தோன்றியது என்பதை ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1858-இலேயே விளக்கிவிட்டார். படிவின் வயதை, மாலிப்டினைட் என்னும் சல்பைடுக் கனிமத்திலுள்ள ரீனியம் என்ற தனிமம் ஆஸ்மியம் என்ற வேறொரு தனிமமாகச் சிதையும் வேகம் கொண்டு கணிக்கிறார்கள்.

இவை ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. வெந்நீர் சுற்றியுள்ள பாறையின் கனிமங்களையும் வரிசையாக மாற்றிவிட்டுச் செல்வதால், துளையிட்டெடுத்த பாறை உருளையில் செம்பே தென்படாதபோதும் அது எத்திசையில் இருக்கக்கூடும் என்று நிலவியலாளர் ஊகிக்க முடிகிறது. ஆகவே, பாறை உருளைகளை அவர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை விளக்கும் தொடர் கட்டுரை ஒன்றைத் துறை வல்லுநரைக் கொண்டு எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்