மூத்த மகன் பிடித்த சுஷி: மிஷெலின் கையேட்டாருக்கு ஒரு திறந்த மடல்

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கையேட்டின் டோக்கியோ பதிப்பைத் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் நிஷி கசாயில் குடியிருக்கும் தமிழ்ப் பெண். தினமும் சுரங்க ரயிலின் தோசாய் பாதையில் ஏறி, கயாபாச்சோவில் ஹிபியா பாதைக்கு மாறி, கின்சாவில் இறங்கி வேலைக்குப் போகிறேன். அந்தச் சுரங்க நிலையத்தை ஒட்டிய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் சுகியாபாஷி ஜிரோ என்ற சுஷிக் கடை இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். "இதுவா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சுரங்க ரயில் பிடிக்க ஓடுகிறவர்களின் காலடிக்கு அருகே பத்தே இருக்கை உள்ள ஒரு கடை. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கடையை விட்டு வெளியே வர வேண்டும். உள்ளே தொட்டுக்கொள்ள, கொறிக்க என்று எதுவும் கிடையாது. சோற்றைக் கையால் பிடித்து அதன் மேல் மீன் துண்டு வைத்த சுஷி, சுமார் இருபது, ஒன்றன் பின் ஒன்றாக வரும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை பல பத்தாயிரம் யென்.

நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இடம் கிடைக்கவில்லை, அவ்வளவு பணமும் இல்லை. அதனால் சுவையைப் பற்றி உங்களிடம் வாதாட வரவில்லை. அதை நீங்களே சாப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

2007 நவம்பரில் உங்கள் முதல் டோக்கியோ புத்தகம் வந்தது. எட்டுக் கடைகளுக்கு மட்டும் உங்கள் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம். அவற்றில் இரண்டு சுஷிக் கடைகள். ஒன்று ஜிரோ ஓனோ நடத்திய இந்தக் கடை, இன்னொன்று அவரிடம் தொழில் கற்ற மிசுதானியின் கடை. மூன்று நட்சத்திரம் என்றாலே வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் சரவிளக்கும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சுரங்க நிலையத்தின் ஓரத்தில் இருந்த ஒரு குடும்பக் கடையைக் காட்டினீர்கள். கழிப்பறை வெளியே இருக்கிறதே என்று நீங்கள் தயங்கவில்லை. தட்டை மட்டும் பார்த்தீர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

2019இல் வெளியான பதிப்பில் அந்தக் கடை இல்லை. பொதுமக்களிடமிருந்து நேரடியாக முன்பதிவு எடுப்பதில்லை, வாடிக்கைக்காரர்களும் பெரிய ஓட்டல் வரவேற்பாளர்கள் மூலம் வருகிறவர்களும்தான் நுழைய முடியும், அதனால் புத்தகத்தில் சேர்க்கவில்லை என்றீர்கள். சைதோ என்ற சுஷிக் கடையும் அதே காரணத்தால் போயிற்று. உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1900இல் டயர் விற்ற அண்ணன் தம்பி இருவர், வண்டி ஓட்டுகிறவர்கள் ஊர் ஊராகப் போகட்டும் என்று தொடங்கிய புத்தகம் இது. போக முடியாத இடத்தை வழிகாட்டியில் எதற்குப் போடுவது? சரிதான். என்னைப் போன்றவளுக்கு அந்தக் கதவு திறக்காதது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் நட்சத்திரத்தைப் பறிக்கவில்லை, கடை எங்கள் வரம்புக்குள் இல்லை என்று மட்டும் நீங்கள் விளக்கியது எத்தனை பேர் காதில் விழுந்தது? உலகம் முழுக்க ஜிரோ நட்சத்திரத்தை இழந்தார் என்றுதான் செய்தி பரவியது. அந்தப் பழி விழுந்தது யார் தலையில் என்பதைத்தான் இந்த மடலில் சொல்ல வந்தேன்.

ஜிரோ ஓனோவுக்கு இரண்டு மகன்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இருவரையும் கடைக்குள் இழுத்துக்கொண்டார். இளையவர் தகாஷி பின்னர் டோக்கியோவிலேயே ரொப்பொங்கி ஹில்ஸில் தனியாகக் கடை போட்டார். அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம், தகாஷிக்கு வலக்கை. அதனால் கின்சா கடையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாற்றி அமைத்துக்கொண்டாராம். மூத்தவர் யோஷிகாசுவுக்கு அந்த வழி இல்லை. மூத்த பிள்ளை அப்பாவின் இடத்துக்கு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். பல பத்தாண்டுகள் அப்பாவின் பக்கத்திலேயே நின்றார். சந்தைக்குப் போய் மீன் எடுப்பது அவர் பொறுப்பாயிற்று.

அந்தக் கடையின் வேலையைப் பற்றிப் படித்ததை என்னால் மறக்க முடிவதில்லை. சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், ஆறவும் கூடாது, கொதிக்கவும் கூடாது. ஆக்டோபஸை முன்பு அரை மணி நேரம் கையால் பிசைந்துகொண்டிருந்தவர்கள், அது போதவில்லை என்று முக்கால் மணிக்குக் கூட்டினார்கள். இறாலைக் காலையிலேயே வேகவைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த பழக்கத்தை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் வந்த பிறகே வேகவைக்கத் தொடங்கினார்கள். பெண்களுக்குச் சுஷியைக் கொஞ்சம் சின்னதாகப் பிடிப்பார்கள், கூட வந்தவரோடு ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. சாப்பிடுகிறவர் இடக்கைக்காரர் என்று கண்டால், அடுத்த சுஷி தட்டில் இடப்பக்கமாக வந்து உட்காரும். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு, அதனால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது.

உங்கள் ஆய்வாளர்கள் பெயர் சொல்லாமல் அங்கே சாப்பிட வந்தபோது சுஷி பிடித்துக் கொடுத்தவர் ஜிரோ அல்ல, யோஷிகாசு என்று அந்தக் கடையை நெடுங்காலம் அறிந்த உணவு எழுத்தாளர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் 2007இல் நீங்கள் மூன்று நட்சத்திரம் கொடுத்தது மகனின் கைக்கு. ஊர் அதை அப்பாவின் நட்சத்திரம் என்றே கொண்டாடியது. 2014இல் ஒபாமா வந்து சாப்பிட்டபோதும் பேச்செல்லாம் அப்பாவைப் பற்றித்தான்.

என் அண்ணன் அப்பாவின் மெஸ்ஸை எடுத்து நடத்துகிறார். இன்று வரை சாம்பார் நன்றாக இருந்தால் "அப்பா கைமணம்" என்பார்கள், உப்புக் கூடினால் "பையன் கெடுத்துட்டான்" என்பார்கள். அண்ணன் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். யோஷிகாசுவைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு அண்ணன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

புகழ் வந்தபோது அப்பாவுக்கு, பெயர் விடுபட்டபோது மகன் நிற்கும் கடைக்கு. 2019இல் வெளியான அதே பதிப்பில் ரொப்பொங்கியில் தம்பி தகாஷியின் கடை இரண்டு நட்சத்திரத்தோடு இருந்தது, அங்கே யாரும் முன்பதிவு செய்யலாம் என்பதால். தம்பிக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. யோஷிகாசு செய்த தவறு என்ன? பத்து இருக்கைக்கு உலகமே போட்டி போட்டதா?

2025 அக்டோபரில் ஜிரோவுக்கு நூறு வயது நிறைந்தது. கடையின் பாரம் இப்போது மூத்த மகன் தோளில். அதனால் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி ஒரு தடவை போய் அங்கே உட்காருங்கள். பெயர் சொல்லாமல் போவது உங்கள் விரதம், தொலைபேசியில் கேட்டால் இடம் கிடைக்காது என்பதும் தெரியும். ஆனால் ஓட்டலில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர் ஒருவர் வரவேற்பாளரிடம் சொல்லி முயன்று பார்க்கலாம் அல்லவா? அந்த வெளியூர்க்காரர் உங்கள் ஆளாகவே இருக்கட்டும். அப்புறம், தட்டில் வருவதை உங்கள் ஐந்து அளவுகோல்களால் அளந்து பாருங்கள். பொருளின் தரம், கைத்திறன், சுவைகளின் இசைவு, சமைப்பவரின் தனித்தன்மை, என்றும் மாறாத தரம். முன்பதிவு முறை அந்த ஐந்தில் இல்லை.

ஒரு நட்சத்திரம்தான் தகும் என்றால் ஒன்றே போடுங்கள். எதுவும் தகாது என்றால் அதையும் எழுதுங்கள், யோஷிகாசு தாங்கிக்கொள்வார். இடம் கிடைப்பது கடினம் என்று பக்கத்தில் ஒரு வரி அச்சிடுங்கள், வாசகர் முடிவு செய்துகொள்வார். சமையல்காரர் என்ற இடத்தில் மட்டும் யோஷிகாசு ஓனோ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
நிஷி கசாயிலிருந்து ஒரு வாசகி